புதுப்பிப்பு: மோரிப் கடற்கரை வீடு வேண்டாம் என்று முடிவு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், மோரிப் கடற்கரையோரம் ஒரு தரைவீடு விலைக்கு வந்திருக்கிறது, இப்போது இருக்கும் பந்திங் ஊரை விட்டு அங்கே குடிபோகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் நன்றி. வாங்கவில்லை.

முடிவெடுக்க உதவியது, "அமாவாசையை ஒட்டி, கடல் ஏறும் நேரத்தில் போய்ப் பாருங்கள்" என்று ஓர் அக்கா சொன்னதுதான். மழை ஒரு துளி இல்லை. ஆனாலும் சாக்கடை நீர் கடல் பக்கமிருந்து பின்னோக்கி ஏறி, நண்டுக்குஞ்சுகளோடு வாசல் கேட்டடியில் வந்து நின்றது. கேட்டின் கீலைத் தொட்டேன். துரு பொடிப்பொடியாகக் கையில் உதிர்ந்தது. வீட்டு முகவர் காட்டியதெல்லாம் கடல் வற்றிய நேரத்து வீடு!

நில அலுவலகத்தில் பட்டா விவரம் எடுக்கச் சொன்ன யோசனையும் வீண்போகவில்லை. அது 99 ஆண்டுக் குத்தகை நிலம். பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். முகவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எதிர்பாராத இன்னொன்று: அவர் அடுத்துக் காட்டிய மனை, மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கப்பட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலம். நம்மவர் பெயருக்கு அது மாறவே மாறாது. விவரம் எடுக்காமல் யாரும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

ஊழியர் சேமநிதியில் (EPF) உள்ள செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து வீட்டுக்கு எடுக்கவிருந்த பணம் அப்படியே இருக்கிறது. இப்போது பந்திங்கிலேயே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வேறு வீடு பார்க்கிறோம்.