'முன்கணிப்பு' என்ற ஒரு சொல் இரண்டுக்கும் போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

'புராக்னாஸ்டிக் மார்க்கர்' என்பதற்கு 'முன்கணிப்புக் குறியீடு' என்று இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. புற்றுநோயியலில் 'பிரெடிக்டிவ் மார்க்கர்' என்ற சொல்லும் அதனுடன் சேர்ந்தே வழங்குவதால், அதையும் நாம் 'முன்கணிப்பு' என்றே எழுத நேரும் என்பதே என் தயக்கத்திற்குக் காரணம். முன்னது நோய் எப்போக்கில் செல்லும் என்பதைக் காட்டுவது. பின்னது குறிப்பிட்ட சிகிச்சை இந்நோயாளிக்குப் பயன்படுமா என்பதைக் காட்டுவது.

பெருங்குடல் புற்றுநோயில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். டிஎன்ஏ இரட்டிக்கும்போது நேரும் பொருத்தப்பிழைகளைத் திருத்துவதில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய புரதங்களுக்குப் பங்குண்டு. இவற்றில் ஒரு புரதத்தோடு ஒட்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு கட்டியின் திசுச் சீவலுக்குச் சாயமேற்றிப் பார்க்கையில், அருகிலுள்ள நிணநீர் அணுக்களின் உட்கரு பழுப்பாகத் தெரிய, புற்றணுக்களின் உட்கரு மட்டும் சாயமேறாமல் நின்றால், அப்புரதம் அங்கே இழக்கப்பட்டுள்ளது என்று கொள்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் இவ்வகைக் குறைபாடு காணப்படுகிறது. நிணநீர்க் கணுக்களுக்கு இன்னும் பரவாத இரண்டாம் நிலையில் இக்குறைபாடுள்ள கட்டிகள் அறுவைக்குப் பின் மீண்டும் தோன்றுவது குறைவு. இது நோயின் போக்கைப் பற்றிய செய்தி. அதே நிலையில் 5-புளோரோயுராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதால் இக்குறைபாடுள்ள நோயாளிகளுக்கு நன்மை கிட்டுவதில்லை என்பதும், பரவிய நிலையில் பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்து நன்கு வேலை செய்கிறது என்பதும் சிகிச்சையைப் பற்றிய செய்திகள். பரவிய நோய்க்கு முதல் சிகிச்சையாகவே அம்மருந்தைத் தர அமெரிக்காவில் 2020இல் ஒப்புதல் கிடைத்தது. ஒரே சோதனை இருவேறு கேள்விகளுக்கு விடை தரும்போது, இரண்டு விடைகளுக்கும் ஒரே பெயரிட்டால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்?

ஆகவே முன்னதற்கு 'நோய்ப்போக்குக் குறிப்பான்', பின்னதற்கு 'சிகிச்சைப்பயன் குறிப்பான்' என்பன என் பரிந்துரை. 'மருந்துப்பயன்' என்று சுருக்கலாம். ஆனால் கதிர்வீச்சு சிகிச்சை அதில் அடங்காது. 'பலன்' என்று எழுதினால் சோதிட வாடை வீசும் (முன்கணிப்பிலும் அது கொஞ்சம் இருக்கிறது). 'குறியீடு' ஏற்கெனவே 'கோடு' (code), 'இன்டெக்ஸ்' (index) இரண்டையும் சுமந்துகொண்டிருப்பதால் அதை விட்டுவிடுவோம்.

சித்த மருத்துவ வழக்கிலுள்ள 'சாத்தியம், அசாத்தியம்' என்ற பாகுபாடு இங்கே உதவாது. அது தீரும், தீராது என்று இரண்டாகவே பிரிக்கிறது. 'ஆபத்துக் குறிப்பான்' என்ற மாற்றும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. மேலே சொன்ன புரதங்களின் இழப்பு இரண்டாம் நிலையில் நல்ல போக்கைக் காட்ட, சிடிஎக்ஸ்2 என்ற புரதத்தின் இழப்போ மோசமான போக்கைக் காட்டுகிறது. 'போக்கு' இவ்விரண்டுக்கும் பொதுவாக நிற்கும். அட்டவணைகளில் இடம் போதாவிட்டால் 'போக்குக் குறிப்பான்' என்றே எழுதிவிடலாம்.