பாலை மரத்துக்குக் கீழே ஏன் பாலைக்கன்று இல்லை?

ஒட்டுசுட்டான்காரன்:
கனடாவில் இருக்கிற தம்பி மேப்பிள் காட்டுக்குள் எடுத்த படம் ஒன்று அனுப்பினான். பெரிய மரங்களுக்குக் கீழே கால் வைக்க இடமில்லாமல் மேப்பிள் கன்றுகள். இங்கே இலங்கையில், வன்னியில், எங்கள் காணிக்குப் பின்னால் உள்ள காட்டில் பாலை, வீரை, முதிரை மரங்கள் எல்லாம் நிற்கின்றன, பழக்காலத்தில் நிலமெல்லாம் பாலைப்பழம் கொட்டிக் கிடக்கும், ஆனால் தேடினாலும் ஒரு பாலைக்கன்று கண்ணில் படாது. ஏன்? அங்கேயும் அவ்வளவு மேப்பிள் கன்று இருந்தால் காடு முழுக்க மேப்பிளாகவே ஆகியிருக்க வேண்டுமே, ஓக், பேர்ச் மரங்கள் எப்படித் தப்பின? 2008இல் போரால் இடம்பெயர்ந்தபோது விட்ட எங்கள் மேட்டுக்காணி இப்போது பற்றையாகக் கிடக்கிறது. டோசர் விடுவதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை, அதனால்தான் கேட்கிறேன்.

பனிக்காட்டான்:
நான் ஒன்ராறியோவில் இருக்கிறேன் அண்ணை. தம்பி எடுத்த படத்தில் உள்ள கன்றுகளில் பெரும்பாலானவை செத்துப்போகும். சீனி மேப்பிள் விதை பனி உருகும்போதே, நீர் உறையும் அளவு குளிரிலேயே முளைத்துவிடும். பெரிய மரம் இலை விடுவதற்குச் சில நாள் முந்திக் கன்று இலை விட்டு, அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில்தான் வருடத்துச் சாப்பாட்டில் பெரும்பங்கைச் சேர்க்கிறது. பிறகு நிழலில் வருடக்கணக்காகக் குட்டையாகவே காத்திருக்கும், பக்கத்து மரம் விழுந்து வானம் திறந்தால் ஓட்டம் பிடிக்கும். பீச் மரமும் நிழல் தாங்கும், வேரிலிருந்தும் கிளைக்கும். மஞ்சள் பேர்ச்சின் விதையோ தூசு மாதிரி, தடித்த இலைச்சருகைத் துளைத்து வேர்விட முடியாது, அதனால் உக்கின மரத்தின்மேலும், மரம் வேரோடு சாய்ந்து மண் வெளிவந்த இடத்திலும் முளைக்கும். ஓக் சில வருடம் மட்டும் ஏராளமாகக் காய்க்கும். அணில் புதைத்து வைத்து மறந்தது முளைக்கும், ஆனால் அதற்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும், மானும் கடிக்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடம் வாய்க்கிறது, எல்லா இடத்திலும் வெல்லுகிற மரம் கிடையாது.

இன்னொரு விஷயம். தாய்மரத்தின் காலடியில் அதே இனக்கன்றைத் தாக்கும் பூச்சியும் பூஞ்சணமும் அதிகம், தூரத்தில் விழுந்ததே தப்பும் என்று 1970, 71இல் ஜான்சென், கானல் என்ற இரு சூழலியலாளர்கள் வெப்பமண்டலக் காடுகளைப் பார்த்துத் தனித்தனியாகச் சொன்னார்கள். இங்கே குளிர்நாட்டுக் காட்டிலும் கறுப்புச் செர்ரிக்கு மண்ணில் உள்ள நோய்க்கிருமியால் அப்படி நடப்பதை 2000இல் அமெரிக்காவின் இந்தியானாவில் காட்டினார்கள்.

நெடுங்கேணி மாமா:
பனிக்காட்டான் தம்பி சொன்னதில் ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். அங்கே கன்று வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறது, எங்கள் பக்கம் தண்ணீருக்கு. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழையை விட்டால் பெரிதாக ஒன்றுமில்லை, வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) நிலத்தைக் காய வைத்துவிடும். முளைத்த கன்றின் வேர் அதற்குள் ஆழம் போகாவிட்டால் சரி, முடிந்தது. தப்பினதை மாடு கடிக்கும். பாலை வளர்வதோ மிக மெதுவாக, அதனால் மாட்டு வாய்க்கு எட்டாத உயரம் வர நெடுங்காலம் செல்லும். பாலை விதையைத் தாய்மரத்தடியிலிருந்து தூரக் கொண்டுபோவது கரடி, குரங்கு, பறவைகள்.

ஆகவே பற்றையை வெறும் பற்றை என்று பார்க்காதே மகன். சூரை, கிளா இரண்டும் முள்ளு, மாடு நுழையாது, குருவி அதில் உட்கார்ந்து விதையைப் போடும், நிழலில் ஈரமும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். வெட்டின காட்டு மரங்கள் பலவும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். அந்த வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது, வறட்சிக்குப் பயமில்லை. டோசர் போனால் கட்டையும் வேரும் சேர்த்து வாரிக்கொண்டு போகும், பிறகு நீ நட்ட கன்றுக்கு நீயே வாளி தூக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான்காரன்:
நன்றி மாமா. இன்று காலை போய்க் குனிந்து பார்த்தேன். சூரைக்குள் இடுப்பளவு முதிரை நான்கு நிற்கிறது, அவற்றில் மூன்று, பழைய கட்டையில் வந்தவை. பாலை ஒன்றும் இல்லை. டோசர்காரனிடம் வீட்டுப்பக்கத்து அரை ஏக்கர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த பிரச்சினை பக்கத்துவீட்டுக்காரரின் மாடுகள், அதற்கு வேறு கேள்வி போடுகிறேன்.