பக்கன் சீமாட்டி இசபெல்லா யாருடைய மகள்? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. 1306 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் ஸ்கோன் ஊரில் அந்நாட்டு மன்னராக ராபர்ட் தி புரூஸுக்கு முடிசூட்டினாரே இசபெல்லா, அவருடைய பிறந்த வீட்டு வம்சாவளியைத் தேடுகிறேன். மன்னரை அரியணையில் அமர்த்தும் உரிமை இவர் பிறந்த ஃபைஃப் பிரபுக் குடும்பத்துடையது, வாரிசான டங்கன் வயது வராமல் ஆங்கிலேயர் பொறுப்பில் இருந்ததால் இவரே துணிந்து வந்து செய்தார், அதற்காக இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் இவரைப் பெரிக் ஊரில் கூண்டில் அடைத்து வைத்தான். இப்படிப்பட்ட பெண்ணுக்கு அப்பா பெயரிலேயே குழப்பம் என்பது மனதை உறுத்துகிறது.

வாரிசின் அப்பாவான, 1289இல் கொல்லப்பட்ட பிரபு டங்கனின் (அவருக்கும் அதே பெயர்தான்) மகள் என்கிறார்கள் சிலர், அப்படியானால் வாரிசுக்கு அக்கா. அவருக்கு முந்தைய பிரபுவான அவர் அப்பா கோல்பனின் மகள் என்றால் வாரிசுக்கு அத்தை. எனக்கு அக்கா என்றே படுகிறது, ஆனால் இணையத்து வம்ச வரைபடங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை, அவற்றை நம்ப மனமில்லை. ஸ்காட்லாந்தின் தேவாலயப் பதிவேடுகளில் மிகப் பழையதே 1553தான், அதனால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அக்கால நிலச் சாசனங்கள், போப்பாண்டவரின் திருமண அனுமதிக் கடிதங்கள், எட்வர்டின் ஆணைகள், இவற்றில் 'இன்னார் மகள்' என்று நேரடியாக வரும் வரியை யாராவது பார்த்திருக்கிறீர்களா? 1313இல் இவர் ஒப்படைக்கப்பட்ட ஹென்றி டி போமாண்ட், இவர் கணவர் ஜான் காமினுடைய சகோதரரின் மகளை மணந்தவர், அந்தக் குடும்ப ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், லத்தீன் வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் பெரிய உதவியாக இருக்கும்.