சீலிங் கறை: உங்கள் வீட்டில் எப்படித் தெரிந்தது?

படுக்கையறை சீலிங்கில் டம்ளர் வைத்த தடம் மாதிரி ஒரு வளையம். நடுவில் வெளிறி, ஓரம் மட்டும் அடர் பழுப்பு. பழைய கறைதானே என்று இரண்டு கோட் பெயிண்ட் அடித்தேன். மூன்றே வாரத்தில் அதே இடத்தில் எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் பெயிண்டர் சொன்னார்: "கறையைச் சுற்றிப் பென்சிலில் கோடு போட்டுத் தேதி எழுதுங்க. கோட்டைத் தாண்டினா கசிவு நிக்கலைன்னு அர்த்தம்." ஆறு நாளில் ஒரு விரற்கடை தாண்டிவிட்டது. அந்த வாரம் மழையே இல்லை. அப்படியானால் மேல்வீட்டுத் தண்ணீர்தான். ஆனால் கறைக்கு நேர் மேலேயே தேடிக்கொண்டிருந்தது எங்கள் தப்பு. தண்ணீர் சரிவு பார்த்து ஓடி, விரிசல் கிடைத்த இடத்தில்தான் இறங்கும். நாலடி தள்ளி, குளியலறை டைல்ஸ் இடுக்கில் பிடிபட்டது.

*

எங்களுக்கு வளையமும் இல்லை, சொட்டும் இல்லை. குளியலறை மூலையில் மிளகுப்பொடி தூவியது மாதிரி கரும்புள்ளிகள், கூடவே மக்கிய துணி வாடை. பிளம்பர் குழாயெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விட்டார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வெந்நீர் ஆவி குளிர்ந்த மூலையில் படிந்து வந்த பூஞ்சணம் அது. குளித்து முடித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனை அணைப்பது எங்கள் வழக்கம். இப்போது அரை மணி நேரம் ஓடவிடுகிறோம். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் அவ்வளவாகத் தலையெடுக்காது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நான் உலர்ந்த துடைப்பத்தால் தட்டி, வித்துகளை அறை முழுக்கப் பறக்கவிட்டேன். இரண்டு நாள் தும்மல்.

*

வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்ததைப் பார்த்து நானும் பூஞ்சணம் என்றே பயந்தேன். தண்ணீர் தெளித்ததும் கரைந்துபோனது. உப்பு பூத்திருக்கிறது, அவ்வளவுதான். நிம்மதி ஒரு நிமிடம்தான். ஈரம் வந்து போகாமல் உப்பு எப்படிப் பூக்கும்? கம்பால் தட்டினால் அந்த இடம் மட்டும் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. காரையைப் பெயர்த்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. அந்த ஊதல்தான் கான்கிரீட்டைக் கீழே தள்ளுமாம். பெயிண்டரை அனுப்பிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட்டோம்.

*

எங்கள் வீட்டில் கறை, வளையம் எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை. ஒரு ராத்திரி ஃபேன் கொக்கி வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. நான் வாளி எடுக்க ஓடினேன். அம்மா மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார். இருட்டில் வாளியைத் தேடி இடித்துக்கொண்டது நான்தான்.