பிரேக் ஆயில் எங்கே போகுது என்று கேட்காமலே ஊற்றிக்கொண்டிருந்தேன்

பிரேக் போன அனுபவம் யாருக்காவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உண்டு, அதில் பாதித் தப்பு என்னுடையது.

என்னுடையது 1998 மாடல் மாருதி 800, நாலு கியர் வண்டி. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்தில், ஷெட் இல்லாமல் தெருவிலேயே நின்று பழகியது. ஞாயிறு தவறாமல் மேலே துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பேன், அடியில் குனிந்து பார்த்ததே கிடையாது. போன ஆவணியில் பானெட்டைத் திறந்தபோது பிரேக் ஆயில் டப்பாவில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. ஊற்றினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி குறைந்தது, மறுபடி ஊற்றினேன். ஒன்றரை மாதத்தில் மூன்று தடவை. பழைய வண்டி, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எரிந்து போக அது இன்ஜின் ஆயிலா என்ன? வீலைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேட் தேயத் தேயக் கொஞ்சம் இறங்கும், அதுவும் மாதக்கணக்கில். அதற்கு மேல் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அவ்வளவுதான்.

மதுரையில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினோம். எட்டயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு ஆட்டு மந்தை. அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்ததும் முதலில் பிடித்தது, அடுத்த நொடி கொழுக்கட்டை மாவில் கால் வைத்த மாதிரி பெடல் அப்படியே கீழே போனது. மாருதியில், பெடலை மிதித்தால் ஆயிலை வீலுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு பிரிவு, ஒன்று போனாலும் இன்னொன்று கொஞ்சம் பிடிக்கும், அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்த நேரத்தில் கால் தானாகப் படபடவென்று பம்ப் அடித்தது, கை மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் கியரை இறக்கியது, ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே மெதுவாக இழுத்தேன். ஒரேயடியாக இழுத்திருந்தால் பின் வீல் லாக் ஆகி வண்டி சுற்றியிருக்கும். கடைசி ஆட்டுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. பின் சீட்டிலிருந்து வீட்டுக்காரி, "ஏன் இப்படிக் குலுக்குறீங்க, பூவெல்லாம் கொட்டிப் போச்சு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்திலிருந்து வந்த மெக்கானிக் தம்பி, பின்பக்கம் பிரேக் ஆயில் போகும் பைப் உடைந்திருக்கிறது, அதை மடக்கி அடைத்துவிட்டால் மதுரை போய்ச் சேரலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றித் தூத்துக்குடிக்கே திருப்பினேன்.

எங்கள் மெக்கானிக் வண்டியைத் தூக்கி, பின்பக்கம் போகும் பைப்பைக் கிளிப் பிடித்திருந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகச் சுரண்டினார். துரு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. உப்பும் ஈரமும் கிளிப்புக்குள்தான் தங்குமாம். "எத்தன நாளா அண்ணாச்சி ஊத்துதீக?" என்று கேட்டார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

உடைந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போடச் சம்மதிக்கவில்லை, முன்னிருந்து பின்வரை புது ஸ்டீல் பைப். செம்புக் குழாய் மலிவு, வளைக்கவும் எளிது, ஆனால் அந்த அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் அது வேண்டாம் என்றார். பைப் போய்ச் சேரும் வீல் சிலிண்டரில் இருந்த நட் துருவில் இறுகி முனை மழுங்கிவிட்டது, அதைக் கழற்றவே அரை நாள். அப்புறம் ஏர் எடுத்தோம், அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றினோம். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது வீலில் ஆரம்பித்து, அவர் அடியில் படுத்துக்கொண்டு "மிதிங்க, மிதிங்க, பிடிங்க, விட்றாதீக" என்று சொல்லச் சொல்ல நான் உள்ளே மிதித்தேன். பாட்டிலில் குமிழி நிற்க ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வந்த பழைய ஆயில் டீ டிகாஷன் நிறம். டாட் 3 என்ற வகைப் பிரேக் ஆயில் புதுசாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கலாம் என்றார்.

இந்தக் கூத்தில் கொஞ்சம் ஆயில் முன் மட்கார்டில் சிந்தியதை யாரும் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் நான் வருஷக்கணக்கில் துடைத்த பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து நிற்கிறது.

*

மேலே எழுதிய அண்ணாச்சிக்கு: உங்களுக்காவது பாதிப் பிரேக் மிஞ்சியது. அப்பாவின் பழைய அம்பாசடரில் ஒற்றை லைன்தான், ஒரு இடத்தில் உடைந்தால் நாலு வீலும் காலி. கொல்லிமலையில் இறங்கும்போது அப்படித்தான் ஆனது, நல்லவேளையாக எழுபது வளைவில் கடைசி இரண்டுதான் பாக்கி. அப்பா முதல் கியரில் போட்டு, மலைப்பக்க மண்மேட்டில் பம்பரைச் சாய்த்தே நிறுத்தினார். அந்தப் பம்பர் கடைசிவரை கோணல்தான். நிமிர்த்த அப்பா விடவில்லை.