காம்ரேட்ஸ் முடிந்த ஜூலையில் பனிமலையா, பயிற்சியா?

இன்சாங்கா ஏறினவன் (சாட்ஸ்வர்த்):

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து வேண்டும்.

ஜூன் 8ஆம் தேதி நம் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தை ஓடி முடித்தேன். இந்த 2025இல் டவுன் ரன், அதாவது மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஓட்டம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கி டர்பனில் முடிகிற கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். வெண்கலம் கிடைத்தது. அடுத்து ஒன்பது மணி நேரத்துக்குள் முடித்து பில் ரோவன் பதக்கம் வாங்க வேண்டும் என்று ஆசை. அதற்கு அக்டோபரில் ஒரு மாரத்தானை நல்ல நேரத்தில் ஓடியாக வேண்டும். தகுதி நேரம் நன்றாக இருந்தால்தான் காம்ரேட்ஸ் தொடக்கத்தில் முன்னால் நிற்கும் குழுவில் இடம் கிடைக்கும்.

இதற்கு நடுவில் குளிர்காலப் பள்ளி விடுமுறை வந்துவிட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் சகலை குடும்பம் லெசோத்தோ மலையில் இருக்கிற ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு விடுதிக்குப் போகிறது. எங்களையும் வரச் சொல்கிறார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் பனியைப் பார்த்ததே இல்லை. ஜூலையிலும் கடலில் இறங்கிக் குளிக்கிற டர்பன் பிள்ளைகள், பார்க்க வாய்ப்பு ஏது? ஆசையாய் இருக்கிறார்கள்.

மனைவியும் பிள்ளைகளும் போகட்டும், நான் வீட்டில் இருந்து அக்டோபருக்கு அடித்தளம் போடுகிறேன் என்று நினைக்கிறேன். பனிச்சறுக்கில் விழுந்து முழங்கால் போனால் ஒரு வருஷ உழைப்பு போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. இது சரியா?

டோங்காட் அக்கா:

தம்பி, நேராகவே சொல்கிறேன், போய் வா.

என் அண்ணன் பல வருஷம் காம்ரேட்ஸ் ஓடினார். பாதி தூரத்தில் டிரம்மண்டில் நாங்கள் விடியற்காலையே போய் இடம் பிடிப்போம். உப்புப் போட்ட உருளைக்கிழங்கு, மாற்றுக் காலுறை, கோக், எல்லாம் அண்ணி கையில். அவர் வருவார், வாங்குவார், போய்விடுவார். அண்ணியும் பிள்ளைகளும் அடுத்த இடத்துக்கு ஓடுவார்கள். அது ஒரு நாள் கதைதான். ஆனால் அதற்கு முன்னால் ஜனவரியிலிருந்தே வீடு அவர் ஓட்டத்தைச் சுற்றித்தான் நடக்கும். சனிக்கிழமை கல்யாண வீட்டில் ஒன்பது மணிக்கே கிளம்ப வேண்டும், மறுநாள் லாங் ரன். ஈஸ்டர் விடுமுறையில் ஊரே மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது இவர் டூ ஓஷன்ஸ் ஓட்டப் போட்டிக்கு கேப் டவுன் போய்விடுவார். யாரும் குறை சொல்லவில்லை, ஜூன் வரைக்கும்தானே என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த ஜூன் முடிந்துவிட்டது. இப்போதும் அக்டோபர் என்று சொன்னால், அக்டோபருக்குப் பிறகு ஜனவரி என்று சொல்லுவாய். ஆடி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கோயிலில் கூழ் ஊற்றப் போய்விடும். உன் வீட்டுக்கு மிச்சம் இருப்பது இந்த இரண்டு வாரம்தான். அதையும் எடுத்துக்கொள்ளாதே.

கௌடெங் குமரன்:

அக்கா சொல்வது சரி. அதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் வருஷா வருஷம் குடும்பத்தோடு ஆஃப்ரிஸ்கி போகிறோம், நானும் நெடுந்தூரம் ஓடுகிறவன்தான். பயிற்சி கெடுகிறது என்று யார் சொன்னது? 3000 மீட்டருக்கு மேல் இருக்கிற இடம், காற்று மெலிந்து இருக்கும், நுரையீரலுக்கு அது ஒரு பயிற்சி. சறுக்கும்போது தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை. பிள்ளைகளுக்கு விளையாட்டு, அப்பாவுக்கு உயர்மலைப் பயிற்சி முகாம். தயங்காமல் போ தம்பி.

வெருலம் பிசியோ:

குமரன் அண்ணே, மன்னிக்கவும், இதை அப்படியே விட முடியாது. யாராவது நம்பிவிடுவார்கள்.

முதலில் உயரம். கடல் மட்டத்தில் இருக்கிற டர்பன்காரர் ஒரே நாளில் 3000 மீட்டர் ஏறினால், ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாகத்தான் ஆக்சிஜன் கிடைக்கும். அதற்கு ஈடாக உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டும், ஆனால் பயன் தெரிகிற அளவுக்குக் கூட்ட மூன்று வாரமாவது அங்கேயே இருக்க வேண்டும். நாலைந்து நாளில் கிடைப்பது தலைவலியும் கெட்ட தூக்கமும்தான். ஜோகன்னஸ்பர்க்கே சுமார் 1750 மீட்டரில் இருக்கிறது. அங்கே வாழ்கிற உங்களுக்குத் தெரியாத களைப்பு இந்தத் தம்பிக்குத் தெரியும்.

இரண்டாவது கால்கள். டவுன் ரன் ஏன் தொடையை அப்படிப் பிழிகிறது? இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனால் தசை இந்த அளவுக்குச் சேதமாகாது. டவுன் ரன்னில் போத்தாஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், கௌவீஸ் ஹில் என்று பாதிக்குப் பிறகு பெரும்பாலும் இறங்கித்தான் வருகிறோம். தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. மாடிப்படி இறங்க முடிகிறது, வலி போய்விட்டது என்பதால் உள்ளே ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பனிச்சறுக்கிலும் தொடைக்கு அதே வகை வேலை. முழங்காலை மடித்துக்கொண்டு எடையைத் தாங்கியபடி இறங்க வேண்டும். ஆறாத தசைக்கு அதே அடியைத் திரும்பக் கொடுப்பதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, தம்பியின் பயம் நியாயமானது. புதிதாகக் கற்பவர்கள் சறுக்குப் பலகைகளின் முனைகளை உள்பக்கம் சேர்த்து வேகத்தைக் குறைப்பார்கள். அப்படி விழும்போது முழங்காலின் உள்பக்க லிகமென்ட், அதாவது எலும்புகளை இணைக்கிற நார், இழுபடும். மெதுவாக விழும்போது காலணியைப் பிடித்திருக்கிற பைண்டிங் சில நேரம் கழன்றுகொடுக்காது. பலகை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் திரும்பும். களைத்த தொடை முழங்காலைக் காப்பாற்றாது.

இன்சாங்கா ஏறினவன்:

அப்படியானால் வீட்டிலேயே இருந்து ஓடு என்கிறீர்களா?

வெருலம் பிசியோ:

இல்லை. வீட்டில் இருந்தாலும் ஓடாதே என்கிறேன். டவுன் ரன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போது அடித்தளம் போடுகிறேன் என்று கிலோமீட்டர் சேர்த்தால் செப்டம்பரில் என்னைப் போன்ற ஒருவரிடம்தான் வந்து படுப்பாய். ஓடாமல் இருந்தால் முதல் சில நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் குறையும், திரும்ப ஓடத் தொடங்கியதும் விரைவில் வந்துவிடும். இந்த இரண்டு வாரத்தில் நீ இழப்பது மிகக் குறைவு. உடம்புக்கே ஓய்வு தேவைப்படுகிற நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை வந்திருக்கிறது. இதில் மோதல் எங்கே இருக்கிறது?

கௌடெங் குமரன்:

உயரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் பிசியோ. சறுக்குவதைப் பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன். அங்கே புதியவர்களுக்கென்று தனியாகச் சாய்வு குறைந்த சரிவு இருக்கிறது, கற்றுத்தர ஆள் இருக்கிறார்கள், ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும். காலையில் ஒரு மணி நேரம் பாடம், களைப்பு தெரிந்தால் நிறுத்திவிடலாம். அப்பா கீழே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்று படம் மட்டும் எடுத்தால், பிள்ளைகளுக்கு அது அப்பாவோடு போன விடுமுறை ஆகாது. சேர்ந்து விழுந்து எழுந்தால்தான் விளையாட்டு.

மாரிட்ஸ்பர்க்காரி:

நான் ஓடுகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். இங்கே பேச்சு போகிற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டோங்காட் அக்கா, உங்கள் அண்ணி பட்ட பாடு புரிகிறது. ஆனால் ஓட்டம் என்றாலே குடும்பத்திடமிருந்து எடுத்த நேரம் என்று கணக்கு எழுத ஆரம்பித்தால், முதலில் ஓட்டத்தை விடப்போவது பெண்கள்தான். எங்களிடம்தான் அந்தக் கணக்கை எல்லோரும் கேட்கிறார்கள். காம்ரேட்ஸ் 1921இல் தொடங்கியது. 1975 வரைக்கும் பெண்களுக்கும் வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் அதிகாரபூர்வமாக இடமே கிடையாது. 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவர் ஓடி முடித்தார், அன்று அவருக்குப் பதக்கம் இல்லை. இன்று ஒன்பது முதல் பத்து மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குத் தருகிற பதக்கத்துக்கு அவர் பெயர். நம் தாத்தா, பாட்டி காலத்து ஆட்கள் ஆசைப்பட்டிருந்தாலும் எண் கட்டிக்கொண்டு நின்றிருக்க முடியாது. நாம் அங்கே நிற்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. போன வருஷம் டர்பனிலிருந்து மேலே ஏறுகிற அப் ரன்னில் ஓட்ட வீராங்கனை ஹெர்டா ஸ்டெய்ன் 5 மணி 49 நிமிஷத்தில் வந்ததை என் மகள் என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். அப்பா, அம்மா ஒரு காரியத்தைப் பல மாதம் விடாமல் செய்வதைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற ஒன்றுதான்.

இன்னொன்று. வேறு நாளில் ஓடிக்கொள் என்று சுலபமாகச் சொல்கிறார்கள். விடியற்காலை நாலரை மணி இருட்டில் நான் தனியாக ஓட முடியாது. நம் நாட்டில் அது எப்படிப்பட்ட ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். குழுவோடுதான் போக வேண்டும், குழு போகிற நாளில்தான் போக வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் அந்த வாரம் போச்சு. போன குளிர்காலத்தில் என் கணவர் பிள்ளைகளைத் தனியாக டிராக்கன்ஸ்பர்க் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார், நான் குழுவோடு ஓடினேன். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தார்கள். ஆகவே தம்பி, நீ வீட்டில் இருக்க நினைத்ததே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் மனைவிக்கென்று ஒதுக்கிய காலைப்பொழுது வாரத்தில் எத்தனை? அதற்குப் பதில் இருந்தால் மற்றதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

டோங்காட் அக்கா:

தங்கச்சி, நீ சொன்ன வரலாறு முழுக்க உண்மை, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் உன் வீட்டில் உன் கணவர் ஒரு முறை போனார், நீ ஒரு முறை ஓடினாய். முறை மாறுகிறது. பல வீடுகளில் முறையே மாறுவதில்லை. நான் பார்த்த வீட்டில் மாறவில்லை. அண்ணியின் கால் என்ன தூரம் ஓடும் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் எப்போதும் கூடையோடு சாலையோரத்தில் நின்றார். அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

தம்பி, இவ்வளவு பேர் பேசிவிட்டோம். உன் மனைவி என்ன சொல்கிறாள்?

இன்சாங்கா ஏறினவன்:

நேற்று இரவு உட்கார்ந்து பேசினோம். நீங்கள் எல்லோரும் சொன்ன எதையும் அவள் சொல்லவில்லை. நான் சறுக்கினாலும் சரி, சறுக்காவிட்டாலும் சரி, அவளுக்குக் கவலை அந்தச் சாலை. வான் ரீனன் கணவாய், அப்புறம் எல்லை தாண்டி மோடெங் கணவாய், மஹ்லசேலா கணவாய். உறைந்த மலைச்சாலையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக வண்டி ஓட்ட மாட்டேன் என்கிறாள். போன செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் பனி கொட்டி என்3 சாலையில் ஆட்கள் இரவெல்லாம் வண்டிக்குள் மாட்டிக்கொண்டார்களே, அதை அவள் மறக்கவில்லை. நான் வராவிட்டால் பயணமே இல்லை என்றுதான் இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

மாரிட்ஸ்பர்க்காரி அக்கா கேட்ட காலைப்பொழுதையும் கேட்டேன். செவ்வாயும் வியாழனும் வேண்டும் என்று உடனே சொன்னாள். ஓடுவதற்கு இல்லை, நீச்சலுக்கு. பிப்ரவரியில் நடக்கிற மிட்மார் மைல் நீச்சல் போட்டியில் நீந்த வேண்டுமாம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆகவே போகிறோம். முதல் இரண்டு நாள் நான் பலகையைத் தொட மாட்டேன், சின்னவளோடு நடப்பேன். அதற்குப் பிறகு கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, புதியவர்கள் சரிவில் பாடம் மட்டும். அக்டோபர் மாரத்தானை விடவில்லை. ஆகஸ்ட்டில் தொடங்குகிறேன், அந்த இரண்டு நாள் போக மிச்ச நாளில்.

வெருலம் பிசியோ:

பாடமும் வேண்டாம் என்பதுதான் இன்னமும் என் பதில். போய்த்தான் தீருவாய் என்றால் ஒரு சோதனை சொல்கிறேன்: ஒற்றைக் காலில் நின்று மெதுவாக முழங்காலை மடித்து எழு, பத்து தடவை, இரண்டு காலிலும். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தாலோ தொடை நடுங்கினாலோ அன்றைக்குப் பலகை கிடையாது. ஆகஸ்ட்டில் வாரம் மூன்று நாள் போதும். அதில் ஒரு நாள் வேகமாக ஓடு, தூரத்தை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

மாரிட்ஸ்பர்க்காரி:

வேகப் பயிற்சியை ஆகஸ்ட் மூன்றாவது வாரத்துக்கு முன்னால் தொடங்காதே. இதில் பிசியோவோடு எனக்கு ஒத்துவராது. முதலில் நிதான ஓட்டம் இரண்டு வாரமாவது போகட்டும்.

கௌடெங் குமரன்:

அது உங்கள் இருவர் சண்டை. சாலையைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. லெசோத்தோ வேறு நாடு, பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட் வேண்டும். இப்போதே எடுத்துப் பார், தேதி முடிந்திருக்கப் போகிறது. காலிடன்ஸ்பூர்ட் எல்லை வழியாகப் போ. டர்பனிலிருந்து ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதே, பெத்லஹேமிலோ ஃபூரிஸ்பர்க்கிலோ இரவு தங்கிவிட்டுக் காலையில் மலை ஏறு. வழியில் ஓர் இரவு தங்கினால் உயரமும் கொஞ்சம் பழகும். எல்லை தாண்டியதும் பூத்தா பூத்தேயில் டேங்க்கை நிரப்பிக்கொள். மோடெங் கணவாயில் நிழல் விழுகிற வளைவுகளில் காலை பத்து மணி வரைக்கும் பனிக்கட்டி இருக்கும். வெயில் ஏறிய பிறகு ஏறு, பிற்பகல் மூன்றுக்குள் மேலே போய்ச் சேர். பனி பெய்யும் என்று முன்னறிவிப்பு இருந்தால் டயருக்குச் சங்கிலி இல்லாமல் கிளம்பாதே. என்னிடம் ஒரு ஜோடி சங்கிலி இருக்கிறது, உன் டயர் அளவை எழுது.