சாணைக்கல்லைத் தட்டிப் பார்க்காமல் மாட்டாதீர்கள்: என் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

காரைக்குடியிலிருந்து:

வீட்டுப் பின்கட்டில் ஆறு அங்குல பெஞ்ச் கிரைண்டர் ஒன்றை வைத்து ஒன்பது வருடமாக இரும்பு வேலை செய்கிறேன். பழைய வீட்டுக் கதவுகளின் கீல், நாதாங்கி, அரிவாள்மனை, அப்புறம் அப்பச்சி விட்டுப்போன உளிகள், இவ்வளவுதான் வேலை.

போன மாதம் புதுக் கல் ஒன்று பார்சலில் வந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, ஆனால் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் கீறல் எதுவும் கண்ணில் படவில்லை. துளைக்குள் விரலை விட்டுத் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் உள்ளே தள்ளி லேசாகத் தட்டினேன். மானாமதுரைப் பானையைத் தட்டி வாங்குவோமே, அதே கணக்கு. நல்ல கல் கிணிங் என்று இழுத்துச் சொல்லும். இது முதல் தட்டில் சுமாராகத்தான் ஒலித்தது, கொஞ்சம் சுழற்றி மறுபடி தட்டினால் டொக். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் துளையிலிருந்து வெளியே போகும் மயிரிழைக் கோடு தெரிந்தது. மெஷின் நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றுகிறது, அந்த வேகத்தில் ஆறு அங்குலக் கல்லின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் ஓடும். அது உடைந்து முகத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்து அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வேறு யார் கையிலும் கிடைக்கக் கூடாது என்று சுத்தியலால் உடைத்தே போட்டேன்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மெஷினோடு வரும் சாம்பல் நிறக் கல் கடினமானது, சாதாரண இரும்பைத் தேய்க்க நல்லது. அப்பச்சியின் உளியை அதில் பிடித்தேன். முனையில் முதலில் வைக்கோல் மஞ்சள் வந்தது, அது ஏறக்குறைய 230 டிகிரி, தண்ணீரில் முக்குவதற்குள் பழுப்பு, ஊதா, நீலம் என்று ஓடிவிட்டது. நீலம் வந்தால் 300 டிகிரியை எட்டிவிட்டது என்று அர்த்தம், பதம் போயிற்று. பர்மா தேக்கில் நிலை இழைத்த உளி அது. நீலம் ஏறிய அவ்வளவையும் தேய்த்தெடுத்த பிறகுதான் மறுபடி கூர் நின்றது.

எங்கள் தெரு லேத் பட்டறை அண்ணன் அப்போது சொன்னது இன்றும் கைகொடுக்கிறது: "கெட்டி எஃகுக்கு இளகின கல்லு, இளகின இரும்புக்குக் கெட்டிக் கல்லு." இளகின கல்லில், இரும்பைத் தேய்க்கும் மணிகள் மழுங்கியதும் தானாக உதிர்ந்து புதுக் கூர் மேலே வரும், அதனால் சூடு குறையும். இப்போது உளிக்கும் டிரில் பிட்டுக்கும் வெள்ளைக் கல்தான், டபிள்யூஏ 60 கே 5 வி என்று எழுதியிருக்கும். 60 என்பது மணியின் அளவு, எண் ஏற ஏற மணி பொடியாகும். கே என்பது கெட்டித்தன்மை, எழுத்து 'ஏ'யிலிருந்து தள்ளிப் போகப் போகக் கெட்டி கூடும். வி என்றால் சூளையில் சுட்ட பிணைப்பு. தட்டிக் கேட்கும் சோதனை இந்த வகைக்குத்தான் சரியாக வரும், ரெசின் என்ற பிசினால் பிணைத்த கல் அவ்வளவு கணீரென்று ஒலிக்காது. கார்பைடு முனைக்குப் பச்சைக் கல். நம் சீமைக்கும் சாணைக்கல்லுக்கும் ஒரு உறவும் உண்டு. 1954-இல் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் என்ற சாணைக்கல் கம்பெனியைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம் நம் பக்கத்துப் பள்ளத்தூர்.

மாட்டும்போது இடது பக்க நட் எதிர்மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகுவது, என்பதை மறக்காதீர்கள். கல்லின் இருபுறமும் இருக்கும் காகித வட்டத்தைக் கிழிக்காதீர்கள், இரும்புத் தட்டு கல்லைச் சமமாக அழுத்துவதே அதனால்தான். நட்டை முழுப் பலத்தோடு முறுக்கவும் வேண்டாம்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, என் கல் தட்டினால் நல்லாத்தான் ஒலிக்கிறது, ஆனால் முகம் பளபளவென்று ஈயம் பூசின மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் பொறி வரவில்லை, சூடுதான் ஏறுகிறது. மச்சான் அதில் அலுமினியச் சட்டம் தேய்த்தார்.

காரைக்குடியிலிருந்து:

தம்பி, அலுமினியம் கல்லின் கண்ணையெல்லாம் அடைத்துவிடும், பித்தளையும் அப்படித்தான். இனி அதை அழுத்தாதீர்கள், சூடேறிக் கல் வெடிக்கலாம். கல்லின் முகத்தைச் சீவிப் புதுப்பிக்கும் கருவியான, நட்சத்திரச் சக்கரம் வைத்த டிரெஸ்ஸர் ஒன்று வாங்குங்கள். தேய்க்கும் பொருளை வைக்கும் முன்தாங்கியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, டிரெஸ்ஸரின் காலை அதில் கொக்கி போல மாட்டி, ஓடும் கல்லின் முகத்தில் இடமும் வலமும் நிதானமாக நகர்த்துங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம், தூசி பயங்கரமாகப் பறக்கும். நாலைந்து ஓட்டத்தில் பளபளப்பு போய்ச் சொரசொரப்பு வந்துவிடும். அப்புறம் தாங்கியை மறுபடி கல்லிலிருந்து 3 மில்லிமீட்டர் இடைவெளிக்குக் கொண்டு வாருங்கள், மேலே இருக்கும் நாக்குத் தகட்டை 6 மில்லிமீட்டருக்குள் இறக்குங்கள். இடைவெளி கூடினால் சின்னத் துண்டு உள்ளே சிக்கிக் கல்லையே உடைத்துவிடும்.

தேவகோட்டையிலிருந்து:

டிரெஸ்ஸர் வாங்கிச் செய்துவிட்டேன் அண்ணே. சுவிட்சைப் போட்டு ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, அப்புறம்தான் கம்பியை வைத்தேன். தொட்ட உடனே பொறி பறந்தது. இடைவெளியை அளந்தால் 9 மில்லிமீட்டர் இருந்தது, அதையும் சரி செய்தாயிற்று. இன்னொரு கல் ஈரத்தில் கிடந்தது, அதை நிழலில் காய வைத்திருக்கிறேன், நன்றாகக் காய்ந்ததும் தட்டிப் பார்த்து எழுதுகிறேன்.